ஹெலன் வந்தால் கண்ணை மூடு

கொழுந்தன் எட்வர்ட் வீட்டுக்குள் நுழையும்போது ஹெலனின் பை நிறைமாதமாக இருக்கிறது. வெளியே வரும்போது பிரசவம் ஆகிவிடுகிறது என்று காலனியில் ஒரு பேச்சு. கிளப்பியவர் எதிர்வீட்டுக் குணசுந்தரி. "சபை அரிசிய சொந்தக்காரன் ஊட்டுக்குக் கடத்துதும்மா அது!"

பையில் இருப்பது பிடியரிசி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் காலனியில், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமை வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவது ஹெலன் பொறுப்பு. ஞாயிறன்று சபையில் படியால் அளந்து ஏலம் விடுவார்கள்.

மற்ற நாட்களில் ஹெலன் கம்பெனி கேன்டீனில் வெங்காயம் நறுக்குகிறவர். புடவைக்குக் கீழே இரும்புமுனை வைத்த சேஃப்டி ஷூ. "நாய் கட்ச்சா அதுக்குத்தான் பல்லு போவும்" என்பார். கதவைத் தட்டுவதும் அந்த ஷூவால்தான்.

பேச்சு மெய்யா என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை நானே அவர் பின்னாலேயே போய் எட்வர்ட் வீட்டு ஜன்னலோரம் நின்றேன்.

எட்வர்ட் வேலை பார்த்த இரும்பு ஆலை மூடி நான்கு மாதம். அண்ணன் அனுப்பிய அரிசி மூட்டையை, "நான் இன்னா பிச்சக்காரனா?" என்று வந்த ஆட்டோவிலேயே திருப்பியனுப்பிய மானஸ்தர். ஆனால் சபைக்குப் பிடியரிசி கொடுக்க மட்டும் தவறமாட்டார். அன்றும் போட்டார்.

"ஜெபம் பண்ணு தம்பி. கண்ண நல்லா மூடிக்கோ," என்றார் ஹெலன்.

எட்வர்டின் ஜெபம் ஆதாமில் புறப்பட்டு சிப்காட் வந்துசேரக் கால் மணி நேரம் ஆகும். அவர் நோவாவைத் தாண்டுவதற்குள் ஹெலன் அடுப்படி டிரம்மைத் திறந்து பையைக் கவிழ்த்தார். கொட்டும் சத்தம் கேட்காமலிருக்க எட்வர்டின் மனைவி ஷைனி விடாமல் இருமினார். (இந்த இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லிக் குணசுந்தரி நச்சரிப்பது தனிக் கதை.)

ஆக, பேச்சு மெய். வெளியே நான் மடக்கிக் கேட்டபோது ஹெலன் அசரவில்லை.

"பஞ்சத்துல எலியாவுக்கு அடை சுட்டுக் குடுத்தாளே ஒரு விதவ, அவ பானையில மாவு கொறயவே இல்லன்னு வேதத்துல கீது. எப்பிடிக் கொறயலன்னு கீதா? எவளோ ஒரு ஓரகத்தி கண்ணுல படாம கொட்டிட்டுப் போயிருப்பா. சொல்லிக்கினு திரியல, அதான் அவ பேரு வரல."

"சபை அரிசியாச்சே?"

"எங்கூட்டு அரிசியப் போட்டு வாராவாரம் ரொப்பிடுவேன். இந்த வாரந்தான் ரெண்டு படி ஒதைக்குது. எங்கூட்டுக்காரருக்கு ஓ.டி. இல்ல. எட்வர்டு காதுல மட்டும் போட்டுடாதீங்க. தெரிஞ்சா ஒரு பருக்க தொடமாட்டான். புள்ளைங்களையும் காயப் போட்டுடுவான்."

மறுநாள் சபையில் எட்வர்ட் சாட்சி சொல்ல எழுந்தார். பம்ப் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். சம்பளத்துக்கு இன்னும் ஒரு மாதம்.

"நாலு மாசம் ஒருத்தங்கிட்ட கை நீட்டல. பிடியரிசியும் நிறுத்தல. எங்கூட்டு டிரம்முல அரிசி கொறயவே இல்ல! சொந்தபந்தம் இன்னா செஞ்சுது? கர்த்தர் செஞ்சாரு!"

எல்லோரையும்விட உரக்க "ஆமென்" சொன்னவர் ஹெலன். பழக்கதோஷத்தில் ஷைனிக்கு இருமல் வந்தது. குணசுந்தரி முதன்முறையாக இருமலையும் பையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, ஓரத்தில் அரிசி அளந்துகொண்டிருந்த பொருளாளர் வரதன் நிமிர்ந்தார். "இன்னா ஹெலனு, எப்பவும் வர்றதுல ரெண்டு படி கொறயுதே?" என்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

எட்வர்ட் திரும்பினார். "இன்னா அண்ணி கொறயுது?"

"ஜெபம் பண்ணுவோம்," என்று எழுந்துவிட்டார் ஹெலன். "எல்லாரும் கண்ண மூடுங்க."

சபை மூடியது. எட்வர்ட் இறுக்கி மூடினார். வரதனும் மூடினார், தூக்கிய இரண்டு விரலை மட்டும் இறக்கவில்லை. ஹெலன் ஒற்றைக் கண்ணைத் திறந்து அந்த விரல்களைப் பார்த்தபடியே, ஆதாமிலிருந்து ஆரம்பித்தார்.