நான்காவது பக்கத்தைத் திறந்துவைத்தவர்

கலியபெருமாளை விரியன் கடித்தது மோட்டார் கொட்டகை அருகிலா, வெட்டக் கூடாது என்று நான் சொல்லிவைத்திருந்த ஓடைக்கரைப் புதரிலா? எனக்குத் தெரியவில்லை. இதை எழுதி முடிக்கும்போதும் தெரிந்திருக்கப் போவதில்லை.

செய்தி தனபால் வழியாக வந்தது. கச்சிராயபாளையத்தில் கலியபெருமாளின் கரும்புக் கொல்லையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் பங்காளி அவர். "மேடம், அண்ணன் பூட்டாரு. விடியக்காலைல மோட்டரு போடப் போனாரு, விரியன் கடிச்சிடுச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உங்க பொதருலதான்" என்றார். விலங்கு நடமாட்டத்தைப் பதிய ஓடைக்கரையில் நான் வைத்திருந்த கேமராவின் பேட்டரி அதற்கு முந்தைய வாரமே தீர்ந்துபோயிருந்தது.

கலியபெருமாளை அறிந்த உங்களில் பலர் நான் இந்த ஊரில் நடத்திய முதல் கூட்டத்தில் இருந்தீர்கள். வனத்துறையின் உயிரியலாளராக நான் இங்கே வந்த புதிது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் இரு கரைகளிலும் பத்தடி அகலத்துக்குப் புதரை அழிக்காமல் விட்டால் காட்டுப்பூனை, கீரி, கௌதாரி எல்லாம் தங்கும், வயல் எலி குறையும் என்று படம் போட்டு விளக்கினேன். பின்வரிசையிலிருந்து கலியபெருமாளின் குரல்: "எங்க வூட்டுப் பூனைக்கே இன்னும் சோறு வெக்கல. காட்டுப் பூனைக்கு எடம் உடச் சொல்றீங்க." கூட்டம் சிரித்தபடியே கலைந்தது. இவரிடம் இனிப் பேசிப் பயனில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெட்டுப் பருவத்தில் அவரே தொலைபேசியில் அழைத்தார். இங்கே கரும்பு வெட்டும் ஆட்கள் நாலு பக்கமும் இறங்கி நடுவை நோக்கி வருவது வழக்கம். கடைசித் திட்டில் முயல் மாட்டும், அடிக்கத் தடியோடு நிற்பார்கள். அன்று அந்தத் திட்டில் கண் திறக்காத மூன்று காட்டுப்பூனைக் குட்டிகள் கிடந்தன. அவர் வெட்டை நிறுத்திவிட்டார். மேஸ்திரி கத்தினார், ஆட்கள் வேறு கொல்லைக்குப் போய்விட்டார்கள். தாய் வந்து குட்டிகளைக் கவ்விப் போகும்வரை மூன்று நாள் அந்தத் திட்டு அப்படியே நின்றது. நான் போனபோது வரப்பில் குந்தியிருந்தார். "நாலு பக்கமும் கதவ சாத்திட்டு வெளிய போ வெளிய போன்னா, அது எங்க மேடம் போவும்?" என்றார்.

அடுத்த ஆண்டிலிருந்து அவர் கொல்லையில் வெட்டு ரோட்டுப் பக்கம் தொடங்கி ஓடைப் பக்கம் முடிந்தது. உள்ளே இருப்பவை தாமாகவே புதருக்குள் ஒதுங்கின. அந்த முறையை எங்கள் அறிக்கையில் பரிந்துரையாக எழுதினேன். இன்று பல ஊர்களில் அப்படித்தான் வெட்டுகிறார்கள். யோசனை யாருடையது என்று அறிக்கையில் எழுதவில்லை. அப்போது அது விடுபட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை.

புதர் அடர்ந்ததும் பன்றி வந்தது. தனபாலின் மரவள்ளியைக் கிளறிவிட்டுப் போனது. "பூன வளக்கறேன்னு பன்னி வளக்கறியாண்ணே?" என்று அவர் சண்டைக்கு வந்தார். "பன்னி படிச்சிட்டா வருது, இது பூனைக்கு உட்ட எடம்னு தெரிஞ்சிக்க?" என்றார் கலியபெருமாள். தனபாலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் பின்னால் கலியபெருமாள் அரிவாளோடு இறங்கி, புதரின் கீழ்ப்பக்கத்தைக் கழித்துவிட்டு மேலே கவிந்த கிளைகளை மட்டும் விட்டுவைப்பார். பன்றி படுக்காது, ஆளுக்கும் கால் வைக்கும் இடம் தெரியும் என்பார்.

இந்த ஆண்டு அதை வேண்டாம் என்றேன். குட்டி போடும் இடம் கலைகிறது, வெட்டு முடியும்வரை அரிவாளே வைக்காதீர்கள் என்று சொன்னேன். அவர் உடனே தலையாட்டவில்லை. "பூன எப்ப வருது, எப்ப போவுதுன்னு எழுதிக்கினே கீறீங்க. நான் எப்ப போறேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றார். கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். சொன்னபடி அவர் அரிவாள் வைக்கவில்லை. தினமும் விடியலில் அவர் கேமராவைக் கடந்து போனார். மனிதர்கள் விழும் படங்களை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அதனால் அவர் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

காரியத்துக்குப் போனேன். அவர் மனைவி சரோஜாவிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. "மோட்டரு கொட்டாகிட்ட, மட்டை குமிச்சி வெச்ச எடத்துல" என்றார். "இல்ல அண்ணி, பொதருலதான்" என்றார் தனபால்.

"நீ எங்க பாத்த? நீ அப்ப தூங்கிக்கினு இருந்த."

பிறகு சரோஜா என் பக்கம் திரும்பினார். "எங்க கடிச்சா இன்னா மேடம்? ஆளு இல்ல."

புதரை அழித்துவிடுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்றேன். சரோஜா, "நாளைக்கு வெட்டு. காலைல வாங்க" என்றார்.

கலியபெருமாளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவர் எப்போது போகிறார் என்று கேட்டேனா என்ற அந்தக் கேள்வியை. ஒருவர் நிலத்தில் எதையாவது செய்யச் சொல்லும் முன், அங்கே யார் கால் எப்போது படுகிறது என்று கேட்க வேண்டும். தாமதமாகக் கற்றது. அதனால் மனம் அடங்கவில்லை.

மறுநாள் ஆறரை மணிக்குப் போனேன். ஆட்கள் ரோட்டோரம் அரிவாளோடு நின்றிருந்தார்கள். வெட்டுக்கு முன் புதரின் கீழ்ப்பக்கத்தைக் கழிக்கச் சொல்லியிருந்தார் சரோஜா, யாரும் இறங்கவில்லை. அவர் என் கையில் ஒரு நீளக் கழியைக் கொடுத்தார். "ஆளுங்க பயப்படறாங்க. நீங்க முன்ன போங்க."

போனேன். கழியால் தரையைத் தட்டித் தட்டி, ஓடைக்கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தேன். எனக்கு நாலடி பின்னால் சரோஜா, அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் அரிவாளோடு. எட்டரைக்கு முடிந்தது. பாம்பு எதுவும் கண்ணில் படவில்லை. அதிலிருந்து எதுவும் தெரிந்துவிடாது. பிறகு ரோட்டுப் பக்கம் முதல் கரும்பு விழுந்தது.