கார் நெற்றியில் போட்ட பட்டை

கறுப்புக் காரைப் போலப் பொல்லாத சாமான் உலகத்தில் இல்லை. வெள்ளைத் துணியில் கறை பட்டால் துவைத்தால் போகும். கறுப்புக் காரில் விழுந்த கீறல் நிழலில் ஒளிந்துகொள்ளும். வெயில் சாய்ந்து விழுந்ததும் எழுந்து நின்று ஊரைக் கூட்டும். இது என் அனுபவம் இல்லை. எனக்குக் காரும் இல்லை, அதைத் துடைக்கிற பொறுமையும் இல்லை. மாரியாயி சொன்னது. இந்தக் கதையை அவள் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்குக் கோபம் வரும். யார் மேல் என்பதுதான் மாறும்.

மாரியாயி கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தாய் தகப்பனை அந்த மண்ணிலேயே புதைத்தாள். பதினெட்டு வயதில் நாகையாவைக் கட்டிக்கொண்டு ரயில்வேக்காரர் குடியிருப்பான பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். நாகையா நாகப்பட்டினத்துப் பக்கத்து ஆள். கார் ஓட்டத் தெரிந்தவன், அதனால் தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருக்கும். ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த வல்லிபுரம் ஐயாவுக்கு அவன் டிரைவர். ஐயா யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். அவருடைய கறுப்பு ஆஸ்டின் கார் நிற்கும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அதுதான் புருஷன் பெண்சாதிக்கு வீடு.

ஐயா கெட்டவர் இல்லை. சம்பளத்தை நாள் தவறாமல் கொடுப்பார். ஆனால் வேலைக்கு எடுத்த அன்றே நாகையாவிடம் ஒன்று சொல்லியிருந்தார்: என் காரில் திருநீறு, சந்தனம், எலுமிச்சம்பழம் எதுவும் படக் கூடாது. முன்பு இருந்த டிரைவர் முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டினான் என்று அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டவர் அவர். அவருடைய நம்பிக்கை அவருக்கு. அதில் நாம் குறை சொல்ல என்ன இருக்கிறது?

அது முப்பத்தொன்றாம் வருடம். ரப்பர் விலை தரையில் கிடந்தது. தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்தினார்கள். வேலை போனவர்களின் பெயரை எழுதி, இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நாகையாவுக்கு வேலை போனால் அவன் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறும், அவன் பெயரோடு அவள் பெயரும். அவனுக்காவது அங்கே அண்ணன் தம்பி இருந்தார்கள். மாரியாயிக்கு அந்தத் தேசத்தில் ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது. 

இவ்வளவும் தெரிந்தவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஆயுத பூசை வந்தது. தெருவிலே ரிக்‌ஷாக்காரர், மாட்டுவண்டிக்காரர், தண்டவாளத்தில் வேலை செய்கிறவர் எல்லோரும் தங்கள் சாமானுக்குப் பொட்டு வைத்தார்கள். முந்தின மாதம் பத்து ரோடு என்ற பெரிய தெருவில் நாகையாவின் கார் ஒரு மாட்டுவண்டியில் மோதப் பார்த்து நூலிழையில் தப்பியிருந்தது. காரும் ஆயுதம்தானே, ஒரு பொட்டாவது வைக்கலாம் என்று அவள் கேட்டாள். வேலையைக் கெடுத்துவிடாதே என்று அவன் சொல்லிவிட்டான்.

மத்தியானம் அவன் சாப்பிட்டுப் படுத்தான். ஐயா ஆபீசில். வீட்டம்மாவும் மகள் மார்க்கிரட்டும் உள்ளே இருந்தார்கள். மாரியாயி திருநீற்றுப் பையோடு கொட்டகைக்குள் போனாள். கடைத் திருநீறு இல்லை. சாணத்தை உமியில் போட்டு எரித்து அவளே செய்தது, கொஞ்சம் சொரசொரப்பு. மூன்று விரலால் எஞ்சின் மூடியான பானட்டின் மேலே பட்டை இழுத்தாள். கும்பிட்டுக் கண்ணைத் திறக்கவும், பின்வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் இருந்த துணியால் பட்டையை அழுத்தித் துடைத்தாள், தண்ணீர் தொடாமல், குத்துவிளக்கைத் தேய்க்கிற வேகத்தில். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கொட்டகை இருட்டில் கார் பழையபடி கறுப்பாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, ஐயாவை ஆபீசில் இறக்கிவிட்டு நாகையா காரைத் திருப்பினான். கிழக்கு வெயில் பானட்டின் மேல் படுத்தது. மயிர் மயிராக நூற்றுக்கணக்கான கீறல்கள், அவை எல்லாம் சேர்ந்து மூன்று கோடுகள். நெற்றியில் பட்டை போட்ட மாதிரி. குழந்தைக்குக்கூட அது என்னவென்று தெரியும். அவன் காரை நேரே கொண்டுவந்து கொட்டகைக்குள் விட்டுவிட்டு, அடுப்படியில் இருந்தவளிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"பூசிட்டியா?"

அவள் தலையைக் குனிந்தாள். அதற்கு மேல் அவன் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், பேசாமல் கொன்றான் என்பாள்.

வந்த சனிக்கிழமை மார்க்கிரட்டுக்குக் கலியாணம். மாப்பிள்ளை ஜெயராஜ் கிள்ளானில் நாலு வாடகைக் கார் வைத்துத் தொழில் நடத்துகிறவர். அவரும் யாழ்ப்பாணத்துக் குடும்பம்தான். சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு இதில் இறங்கினாரே என்று வல்லிபுரம் ஐயாவுக்கு உள்ளே ஒரு சின்ன வருத்தம். பெண்ணை இந்த ஆஸ்டினில்தான் கிள்ளான் தேவாலயத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மீதமிருந்த நாட்கள் நான்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாகையா ஒரு தந்திரம் செய்தான். காரைத் துடைக்கவில்லை. செம்மண் தூசி படிந்தால் கோடு தெரியாது என்று கணக்குப் போட்டான். ஐயா மட்கார்டில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். கலியாணக் கார் இப்படியா நிற்பது என்று கடிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தானே வெயிலில் நிறுத்திப் பார்க்கப் போவதாகச் சொன்னார். தந்திரத்தால் கிடைத்த லாபம் அவ்வளவுதான், தலைக்கு மேலே ஒரு தேதி.

அன்றைக்கே நாகையா பித்தளைக்குப் போடுகிற பாலிஷை எடுத்து ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தான். அந்த இடம் பனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிப் போனது. டப்பாவை மூடி வைத்துவிட்டு, மங்கிய இடத்தை வேட்டி நுனியால் திரும்பத் திரும்ப ஒற்றி எடுத்தான். மாரியாயி அதைப் பார்த்தாள். செய்தது நான், திண்டாடுவது இவரா என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை காலையில் அவள் யோசித்தாள். பெரிய குருணை கீறியது. குருணை சின்னதானால் கீறலும் சின்னதாகும். கண்ணுக்கே தெரியாத குருணையானால்? தோட்டத்தில் கூவைக்கிழங்கு மாவு எடுக்கும்போது பார்த்திருக்கிறாள்: கலக்கி வைத்தால் கனமானது முதலில் அடியில் இறங்கும், மெல்லியது பால் போல மேலே நிற்கும். அதே திருநீற்றைத் தண்ணீரில் கரைத்தாள். கொஞ்சம் பொறுத்து மேல் தண்ணீரை மட்டும் வேறு சட்டியில் இறுத்தாள். அதையும் பொறுத்து, மறுபடி இறுத்தாள். மூன்றாவது சட்டியில் படிந்ததைத் துணியில் காயவைத்து, ஒரு சிட்டிகை எடுத்து முன்பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள். நறநறக்கவில்லை. பல்லுக்கே தெரியாதது காருக்குத் தெரியாது என்று முடிவு செய்தாள்.

ஐயா ஆபீசில் இருக்கும் மத்தியானம்தான் வேலைக்கு நேரம். முதலில் காரை நன்றாகக் கழுவினாள். நாகையாவின் பழைய வேட்டியைக் கிழித்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு, அந்த மாவு ஒரு சிட்டிகை, முன்னிருந்து பின்னாக நேர்கோட்டில் தேய்த்தாள். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் புதுக் கீறல் வட்டமாக விழும் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, கேட்டால் கைக்குத் தெரிந்தது என்பாள். கால் மணி நேரம் கழித்துத் துணியைத் திருப்பிப் பார்த்தாள். துணி முழுவதும் கறுப்பு.

கீறல் போகவில்லை, பெயிண்டுதான் போகிறது. கீறலின் ஆழம் வரைக்கும் பெயிண்டைக் கரைத்தால்தான் கீறல் மறையும் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பெயிண்டு எத்தனை கனம் என்று யாருக்குத் தெரியும்? கொஞ்சம் மிஞ்சிப் போனால் அடியில் இருக்கிற பழுப்பு நிறம் கண்ணைத் திறந்துவிடும். அதற்கு மருந்தே கிடையாது. பத்து இழுப்பு இழுப்பாள், துடைப்பாள், கதவிடுக்கு வெளிச்சத்தில் கன்னத்தைச் சாய்த்துப் பார்ப்பாள். மறுபடி பத்து. அம்மா கூப்பிடுகிற போதெல்லாம் துணியை மடியில் செருகிக்கொண்டு ஓடுவாள். சாயங்காலத்துக்குள் இரண்டு கோடு போனது.

நடுக்கோடுதான் ஆழம். நடுவிரலில் பக்தி அதிகம் போலும். வியாழக்கிழமை மத்தியானம் அதில் பாதி கரைந்த நேரத்தில், பானட்டின் முகட்டில் பழுப்பு ஒரு நிழல் போல எட்டிப் பார்த்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். பின்னால் நாகையா நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. அவள் கையிலிருந்த துணியை வாங்கி மட்கார்டைத் தேய்க்க ஆரம்பித்தான். பானட்டு மட்டும் மினுங்கி, மற்ற இடம் மங்கியிருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து கார் முழுவதையும் தேய்த்தார்கள். 

வெள்ளிக்கிழமை தேன்மெழுகைச் சீவி டர்பன்டைனில் ஊறவைத்துக் கரைத்து மெல்லிசாகப் பூசி, கை வலிக்க வலிக்கத் துடைத்தார்கள். மிச்சமிருந்த அரைக்கோடு மெழுகுக்கு அடியில் படுத்துக்கொண்டது. ஐந்து மணிக்கு ஐயா வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். நல்லது என்றார். மாரியாயி அறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. மாரியாயி சமையலுக்கு ஒத்தாசையாக ரயிலில் கிள்ளானுக்குப் போயிருந்தாள். சாயங்காலம் நாலு மணி. மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் நின்றது. ஜெயராஜ் கோட்டைக் கழற்றிவிட்டுக் காரைச் சுற்றி வந்தார். நாளெல்லாம் காரோடு புழங்குகிற மனிதர். சாய்வெயிலில் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பானட்டுக்கு நேரே வந்ததும் நின்றார். குனிந்தார். அந்த அரைக்கோட்டின் மேலே விரலை வைத்தார்.

"இதை ஆர் தேய்ச்சது?"

வல்லிபுரம் ஐயா திரும்பிப் பார்த்தார்.  நாகையா வாயைத் திறக்கப் போனான். அவன் பழியை ஏற்றுக்கொள்ளப் போகிறான் என்று மாரியாயிக்குப் புரிந்தது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"நான்தாங்கையா. ஆயுத பூசைக்குத் திருநீறு பூசினதும் நான்தான், காய்ஞ்ச துணியால தொடச்சிக் கீறினதும் நான்தான். தேய்ச்சதும் நான்தான். அவரு பூச வேணாம்னுதான் சொன்னாரு."

 யாருக்கும் தெரியாமல் முடிந்துபோன விஷயத்தைத் தானே கொட்டிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வல்லிபுரம் ஐயா கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை. அவளைப் பார்க்கக்கூட இல்லை. நாகையாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"இந்தக் கார் இனி இஞ்சதான் நிக்கும், நாகையா. பிள்ளைக்குச் சீதனமாக் குடுத்திட்டன். உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

ஒரு மாதத்துக்கு முன்பே பேசி முடித்த சீதனம். வேறு கார் வாங்கும் காலமா அது? டிரைவர் வேலை அன்றைக்கே போய்விட்டது. இவர்கள் இரண்டு பேரும் அது தெரியாமல், இல்லாத வேலையைக் காப்பாற்ற ஐந்து நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் மாரியாயிக்குக் கண் சிவக்கும். ஒரு வார்த்தை முன்னாலே சொன்னால் குறைந்தா போயிருப்பார் என்பாள். எனக்கும் அதே கோபம்தான். நல்ல மனிதர்கள் வாய் வராமல் செய்கிற கொடுமைக்கு அளவே கிடையாது.

ஜெயராஜ் மட்டும் இன்னும் பானட்டை விடவில்லை. எதைப் போட்டுத் தேய்த்தாய் என்று கேட்டார். அவள் சட்டி சட்டியாக இறுத்ததையும், பல்லில் கடித்துப் பார்த்ததையும், பழுப்பைக் கண்டு நிறுத்தியதையும் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். நிறுத்தத் தெரிந்ததுதான் பெரிது என்றார். கிள்ளான் செம்மண் தூசியில் தன் நாலு கார்களும் ஊத்தையாகிக் கிடப்பதாகவும், தேய்க்க வருகிறவர்கள் எல்லோரும் பெயிண்டைத் தின்றுவிடுவதாகவும் சொன்னார். பிறகு நாகையாவின் பக்கம் திரும்பினார், சொல்லச் சங்கடப்பட்டார்.

"டிரைவர்மார் என்னட்ட ஏற்கெனவே தேவைக்குக் கூடவே இருக்கினம். வேலை இருக்கு, ஆனா அது அக்காவுக்குத்தான்."

மாரியாயி தலை நிமிரவில்லை. நான் வருகிறேன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்ததாம். கிள்ளான், அவள் பிறந்த மண், காலுக்குக் கீழே இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தை புருஷனை என்ன செய்யும் என்றும் அவளுக்குத் தெரியும். டிரைவர் என்று தெருவில் நிமிர்ந்து நடந்தவன், பெண்சாதி சம்பளத்தில் சாப்பிடுகிறவன் ஆவான். மாட்டேன் என்று அவன் சொன்னால் கப்பல்தான். அதையும் தடுக்கப் போவதில்லை என்று அந்த நிமிடத்தில் தீர்மானித்துக்கொண்டதாகச் சொல்வாள்.  நாகையா காரின் சாவியை எடுத்து ஜெயராஜின் கையில் கொடுத்தான். டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"நீ தேய். தண்ணி நான் தூக்குறேன்."