நான் மாற்றிச் சொன்ன ஒரு வாக்கியம்

மிளகும் மல்லியும் உள்ளியும் வறுபடும் காரமான மணம் எங்கள் மூன்றாம் மாடியிலிருந்து படிக்கட்டு வழியாக இறங்கி, கீழே சைக்கிள் விடும் இடம் வரைக்கும் வந்து நிற்கும். பாடசாலை விட்டு டெனிஷ் பிள்ளைகளோடு வரும் நான், அது யார் வீட்டு மணமோ என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் எனக்குப் பதினொரு வயதாயிருந்த அந்த மாரிகாலத்தில், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் "சரக்குக்கறி"யை அம்மா ஒவ்வொரு நாளும் வைத்தார். பிள்ளை பெற்றது எங்கள் வீட்டில் இல்லை. எதிர்வீட்டு கிரேஸ் அன்ரிக்குத்தான் அந்தக் கறி.

கிரேஸ் அன்ரி கானாவிலிருந்து வந்தவர். முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். கணவர் கப்பலில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். சனிக்கிழமைகளில் எங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் ஐந்தாறு பெண்களைக் கூட்டிவைத்து, பிரஷர் பார்த்து, ஒருவர் முதுகை ஒருவர் உரஞ்சிவிடச் செய்து, மெஷின் சத்தத்துக்கு மேலாகப் பாடவும் வைப்பார். நாங்கள் வந்திறங்கிய முதல் குளிரில் கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தக் கூட்டத்தில் இருத்தியவர் அவர்தான். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் உடைந்த ஆங்கிலமும் நிறையச் சிரிப்பும்தான். ஆனால் அம்மா மறுபடி தலை இழுத்துப் பொட்டு வைக்கத் தொடங்கியதை நான் என் கண்ணால் கண்டேன்.

கோயிலில் எங்கள் சனங்கள் கிரேஸ் அன்ரிக்கு வைத்த பெயர் வேறு. "காப்பிலிச்சியோட உனக்கென்ன சிநேகிதம்?" என்று ஒரு மாமி அம்மாவை நேரடியாகவே கேட்டார். ஆபிரிக்கரை இழித்துச் சொல்லும் அந்தச் சொல் எவ்வளவு கேவலமானது என்று தெரிந்தும் நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டில் என் செல்லப்பெயர் "கறுப்பி" என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அவை டென்மார்க்கில் "தமிழர் வழக்கு" நடந்த வருடங்கள். முன்னரே வந்துவிட்ட அப்பா எங்களைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் இந்த நாட்டு அமைச்சில் யாரோ ஒருவரின் மேசையில் நித்திரை கொள்ள, அம்மாவும் நானும் கொழும்பில் ஒரு அறைக்குள் காத்துக் கிடந்தோம். அந்தத் தாமதம் பிறகு நாட்டுக்கே பெரிய விவகாரமாகி, பின்னேரச் செய்தியில் தமிழர் என்று எங்கள் பெயர் அடிபடாத நாள் இல்லை என்றாயிற்று. மறுநாள் வகுப்பில் எல்லோரும் என்னை இரக்கத்தோடு திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவரும் என்னைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்பதே அப்போது என் ஒரே வேண்டுதல்.

பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமை, தாயையும் பிள்ளையையும் பார்க்க வீடுதேடி வரும் தாதி வந்திருந்தார். எங்கள் பாடசாலைக்கும் அவரே வருவதால் என்னை நன்றாகத் தெரியும். என் டெனிஷ் சுத்தமாக இருப்பதாக ஆசிரியைக்கு முன்னால் மெச்சியவர். களைப்பாக இருக்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கிரேஸ் அன்ரி சொல்ல, புதுத் தாய்மார் எல்லோரும் அப்படித்தான், உன் முகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று தாதி தட்டிக்கொடுத்தார்.

என்னையும் கூட்டிக்கொண்டு கறிச்சட்டியோடு வந்து நின்ற அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வார்ட்டில் ஒன்பது வருடம் வேலை செய்தவர் அவர். சட்டியை வைத்துவிட்டு, மஞ்சள் பிடித்த விரலால் கிரேஸ் அன்ரியின் கீழ்க்கண்மடலை இழுத்துக் காட்டினார்.

"இஞ்ச பார் பிள்ளை, உள்ளுக்கு வெள்ளையாக் கிடக்கு. உள்ளங்கையும் வெளிறிப்போச்சு. எங்கட தோலில ரத்தம் இல்லாதது முகத்தில தெரியாது எண்டு சொல்லு. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லு."

தாதி என் பக்கம் திரும்பி, அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். சேலைக்கு மேல் அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, படித்த ஒரு பெண்ணுக்குப் பாடம் எடுக்க நிற்கும் அம்மாவை நினைக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளை வடிவாக இருக்கிறதாம், தாய் நன்றாக ஓய்வெடுக்க வேண்டுமாம் என்றேன். உண்மைதான் என்று தாதி சிரித்தார்.

"சொன்னனியோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்" என்றேன்.

நாலாம் நாள் கிரேஸ் அன்ரி படிக்கட்டில் மயங்கி விழுந்தார். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோய், இரத்தம் ஏற்றித்தான் அவரைக் காப்பாற்றினார்கள். பிள்ளை பத்து நாள் எங்கள் வீட்டில் அம்மாவின் மடியில் கிடந்தது. அதைத் தட்டி நித்திரையாக்கும்போது அம்மா எனக்கு ஆறுதல் சொன்னார்: "நீ என்ன செய்யிறது பிள்ளை? நீ வடிவா எடுத்துச் சொன்னனி. எங்கட கதையை அவை காதில விழுத்த மாட்டினம்." அந்த வார்த்தை என்னைச் சுட்டது. நான் பால்போத்தலைக் கழுவ எழும்பிப் போனேன்.

அதன்பிறகு அம்மா இந்த நாட்டு டொக்டர்மாரிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதில்லை. எங்கே நோகிறது என்று கேட்டால் விரலால் தொட்டுக் காட்டுவார். கொடுத்த குளிசையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

இப்போது பிள்ளைகளை மொழிபெயர்க்க விடுவதில்லை. விபோர்க்கில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் கூட, மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வராமல் டொக்டர் கதையைத் தொடங்கமாட்டார். அந்த உடுப்புத் தோய்க்கும் அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வீடு மெஷின் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமைக் கூட்டமும் பாட்டும் அதோடு நின்றுபோயின.

அம்மா ஆறேழு மாதம் வயிற்று நோவை மறைத்து வைத்திருந்தார். நான் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. ஏனம்மா சொல்லவில்லை என்று அழுதேன். "சொன்னா மட்டும் கேக்கவோ போயினம்? கிரேஸுக்கு நடந்ததை நீ கண்டனிதானே" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவரது தலையணையைச் சரிசெய்தேன்.

செத்தவீடு முடிந்து ஒரு மாதத்தின் பின், ஓல்போர்க்கில் மகளோடு இருக்கும் கிரேஸ் அன்ரிக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர், நான் அன்றைக்கே உன்னை மன்னித்திருப்பேன், உன் அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.