முனியாண்டியின் மிதவை

கோயில் தலைவர்களில் ஒரு ரகம் உண்டு. இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் எப்போதும் 'முடியாது'. சிங்கப்பூருக்கு அக்கரையில், பெக்கான் நானாஸ் பக்கம், அன்னாசித் தோட்டத்து முனியாண்டி கோயில் தலைவர் அசல் அந்த ரகம்.

விமானங்கள் பறக்கத் தொடங்கிய புதிதில், கடலில் இறங்கும் விமானங்களைத் தானே செய்து ஓட்டிய வெள்ளைக்காரர் ஒருவரைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். அவருடைய விமானம் ஒன்று அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்துப் பொந்தியான் கடலோரம் விழுந்து உடைந்தது என்பது என் கட்சி. சிங்கப்பூர் ஆய்வாளர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "ஆதாரம் காட்டுங்க, பார்க்கலாம்" என்றார். படித்த திமிர்.

ஆதாரம் முனியாண்டியின் காலடியில் கிடந்தது. விமானத்தின் அடியில் மாட்டும் நீண்ட மர மிதவை. கரையொதுங்கியதை அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்கள் தூக்கி வந்து, சாமிக்குப் படகு என்று வைத்துவிட்டார்களாம். அதன்மேல் விளக்கேற்றி ஏற்றி எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது. ஓரத்தில், மரத்தில் சுட்டுப் பதித்த மூன்று எழுத்துகள், செய்தவரின் முத்திரை. போனை எடுத்ததுமே தலைவர் குறுக்கே வந்துவிட்டார்.

"அலமாக்! இந்தக் கோலத்துலயா போட்டோ? திருவிழாவுக்கு வாங்க சார், நீட்டா இருக்கும்லா."

"ரொம்ப அரிய பொருள், பத்திரமா வச்சிருங்க" என்று மட்டும் கெஞ்சிவிட்டு வந்தேன்.

திருவிழா என்றால் கேட் முதல் சாமி வரை புதுப் பெயிண்ட் அடிப்பது நம் ஆட்களின் தீராத வியாதி. அது தெரிந்தும் போனேன்.

மிதவை பளபளத்தது. மெஷின் வைத்து வெள்ளை மரம் தெரியும்வரை தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் இறக்கை வரைந்திருந்தார்கள். குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

தலைவர் எனக்கு மாலை போட்டார். "அரிய பொருள்னு சொன்னீங்களே, அதான் முதல்ல இதைச் செஞ்சோம். இப்பதான் பிளேன் மாதிரி இருக்கு."

"அந்த எழுத்து எங்கங்க?"

"அதுவா? பெயிண்டர் இங்கதான் இருக்கார். என்ன எழுத்துன்னு சொல்லுங்க, எழுதிடலாம். செவப்பா, கறுப்பா?"

பெயிண்டர் பிரஷ்ஷோடு வந்து நின்றார். எனக்கு முதல் இரண்டு எழுத்துகள்தான் தெரியும். மூன்றாவதைப் பிசுக்கு மூடியிருந்தது. அதைப் படிக்கத்தான் வந்திருந்தேன்.