மரங்களைக் காத்தவருக்கும் ஒரு பங்கு

இன்று இன்சீன் போகும் ரயிலில் ஒரு கட்டுரை படித்தேன். பெருங்காடுகளை வெட்டவிடாமல் காத்த அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர், இனம் கலந்து பிள்ளையே பிறக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்.

நான் தமிழன். மனைவி மா மியா பர்மியப் பெண். எங்களுக்கு ஒரு மகள். வீட்டுக்கு வந்து சொல்லும்போதும் எனக்குக் கொதிப்பு அடங்கவில்லை.

மா மியா கேட்டாள்: "அந்த மரமெல்லாம் இன்னும் நிக்குதா?"

"நிக்குது."

சாயங்காலம் புத்தரைக் கும்பிட்டு, வழக்கம்போல் எல்லா உயிர்களுக்கும் தன் புண்ணியத்தைப் பங்கிட்டாள். "அந்த மரக்காரருக்கும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"தாடு!" என்று கத்தினாள் மகள். பங்கை மகிழ்ந்து ஏற்பவர்கள் சொல்லும் சொல்.

செத்துப்போன அவரும் எங்கிருந்தாவது 'தாடு' சொன்னால்தான் பங்கு அவருக்குப் போய்ச் சேருமாம்.

என் மகளோடு சேர்ந்து சொல்ல அவருக்கு வாய் வருமா? நீங்களே சொல்லுங்கள்.