பெண் பார்க்க வந்த அன்று ஒடிந்த வில்

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. வீட்டில் உட்கார்ந்து ஒரு பெண் கூடை பின்னலாம், பூ கட்டலாம், ஊரே மெச்சும். வில் செய்தால் மட்டும் கிறுக்காம்.

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீடு. நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். யாரோ ஒருவர் ஆள் உயரத்துக்கு ஒரு வில்லைச் செதுக்குவதை போனில் பார்த்ததிலிருந்து எனக்கும் அது வேண்டும். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். பிடித்திருந்தது, அவ்வளவுதான். அம்பாசமுத்திரத்து மூங்கில் கடையில் உள்ளே பொந்தில்லாத கல்மூங்கிலாகப் பொறுக்கி, பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்தேன்.

மாதக்கணக்கில் அது என் கட்டிலுக்கடியில் காய்ந்தது. பிறகு பிளந்தேன். அரத்தால் ராவினேன், உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். சுவரில் மாட்டி நாணை இழுத்தால் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுபோல வளைய வேண்டும். வளையாத இடத்தை மட்டும் துளித்துளியாகச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் கூடிவிட்டால் போச்சு. எனக்குப் பொறுமையே கிடையாது என்று சொல்கிற ஒருவராவது அதை வந்து பார்த்தார்களா? இல்லை.

அது சரியாக வளைந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நாண் ஏற்றிய வில்லைச் சுவரில் விட்டுவிட்டுச் சேலை மாற்றப் போனேன். அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அவன் வில்லைத் தூக்கி, நாணைக்கூடக் கழற்றாமல், பரணில் போட்டு அமுக்கியிருக்கிறான். உள்ளே நின்ற எனக்கு அது ஒடிகிற சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தேன். மேல்பாதி நீளவாக்கில் கிழிந்து தொங்கியது.

"கம்புதானட்டி, வேற வாங்கிக்கிடலாம்," என்றான்.

வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. அம்மா என் கையில் காபித் தட்டைத் திணித்தாள். தட்டை நான் டங்கென்று வைத்ததை வெட்கத்தில் கை தவறியது என்று வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா, வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டார். தையல் தெரியும் என்று அண்ணன் எனக்காகப் பதில் சொன்னான். எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது.

"வில்லு செய்யுதேன், அத்தை," என்றேன். "இப்பந்தான் எங்கண்ணன் அதை ஒடிச்சிட்டான்."

வந்தவர்கள் மிக்சர் தட்டைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார்கள். ஒரு கம்புக்காக நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டாய் என்று அண்ணன் குதித்தான். நீ ஒடித்தது என் ஒரு வருஷ உழைப்பு என்று நானும் விடவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று அழுதாள்.

சாயங்காலம் தரகரிடமிருந்து போன் வந்தது. பேசப் பேச அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. கையால் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அவங்களுக்கு உன்னயப் பிடிச்சிருக்காம். இனிமே இந்த வில்லு கில்லு மட்டும் செய்யக் கூடாதாம்."

"அப்ப பொண்ணும் கிடையாதுன்னு சொல்லு," என்றேன்.

அவன் சொல்லவில்லை. போனைப் பிடுங்கி நானே சொன்னேன்.