பக்கத்துத் துண்டின் கத்தரி

அன்று தோட்டத்தில் நின்றவர்கள் இவர்கள். யாருக்கு எந்தத் துண்டு என்று பட்டியல் எழுதுகிற செயலாளர். இடது பக்கத்துத் துண்டில் கீரை போடுகிற பொம்பிளை, அக்கா முறையில் எல்லாருக்கும் ராத்தா. பொத்துவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு ஆள். பிறகு நான், கையில் மண்வெட்டியோடு.

போன வருடம், மாரி முடிகிற நேரம். கல்முனைப் பக்கம், கடலோரத்தில் எங்கள் ஊர். சும்மா கிடந்த மணல் காணியைப் பிரித்து ஊராட்களுக்குப் பயிர் செய்யக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு. பதினைந்து நாள் ஆள் வராவிட்டால் துண்டு வேறு ஆளுக்குப் போகும்.

எனக்கு வலது பக்கத்துத் துண்டு ஒரு மீன்பிடிக்காரருடையது. மணலில் கத்தரி சும்மா வராது. அவர் ஒவ்வொரு கன்றுக்கும் குழி வெட்டி, சைக்கிளில் வயல் மண் கொண்டுவந்து போட்டு நட்டவர். பிறகு அவரும் வரவில்லை, பெண்சாதியும் வரவில்லை. செயலாளர் போன் அடித்துப் பார்த்தார். வேலை செய்யவில்லை. என் மகள் கலியாணம் முடித்துத் தனி வீடு போயிருந்தாள். அவளுக்கு அந்தத் துண்டை நான் கேட்டேன். எழுதித் தந்தார்.

அன்று காலை கத்தரியைப் பிடுங்கத் தொடங்கினேன். இலை வாடியிருந்தது. தண்டு பச்சைதான். அதைப் பார்த்துக்கொண்டேதான் பிடுங்கினேன்.

“என்ன காக்கா, பல்லுப் பிடுங்குற மாதிரிப் பிடுங்குறீங்க?” என்று ராத்தா சிரித்தார். அண்ணன் முறையில் நான் எல்லாருக்கும் காக்கா.

அப்போதுதான் பொத்துவில் ஆள் வந்து இறங்கினார். பிடுங்கிக் கிடந்ததைப் பார்த்தார்.

“இது என்ட மச்சான்ட துண்டு. எங்கட ஊட்டுக்கு வந்த இடத்தில நெஞ்சு வலி வந்து மவுத்தாகிட்டாரு. தங்கச்சி அங்கதான் இத்தா இரிக்கா. புருசன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளைக்கு வெளிய வர ஏலாதே. கத்தரிக்குத் தண்ணி ஊத்த ஆள் பாக்கச் சொன்னா.”

செயலாளர் கொப்பியைப் புரட்டினார். “எங்களுக்குத் தெரியாதே. துண்டு இப்ப காக்காட மகள்ட பேரில. சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே.”

“ஒங்கட சட்டம் இத்தாவுக்கும் லீவு குடுக்காதா, தம்பி?” என்றார் ராத்தா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“மகள்ட பேர வெட்டுங்க” என்றேன்.

“அவ வாற வரைக்கும் ஆரு பாக்குற?” என்றார் செயலாளர்.

“நான்.”

மகள் ரெண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிடுங்கிய கன்றுகளைத் திரும்ப நட்டேன். ஒன்றும் வேர் பிடிக்கவில்லை. மிச்சம் நின்றதற்கு ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன். காய்த்தது.

இத்தா முடிந்து அந்தப் பொம்பிளை பொத்துவில் அண்ணனோடு வந்தா. குழிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தா.

“மத்தது?”

“நான்தான் பிடுங்கின.”

அவ குனிந்து காய் ஆய்ந்தா. ஒரு பை நிறைய என்னிடம் நீட்டினா. “கொண்டு போங்க காக்கா. மகளுக்கும் குடுங்க.”

வெறுங் குழிகளில் அவ இப்போது மிளகாய் நட்டிருக்கிறா. என் துண்டுக்குத் தண்ணீர் ஊற்றும்போது இன்னும் என் கண் அங்கேதான் போகும். ஆள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அந்த மீன்பிடிக்காரர் நட்டது பதினொரு கத்தரி. நான் பிடுங்கியது ஏழு.